அவையஞ்சாமையும் ஆங்கிலமும்

ஒரு மொழியைக் கற்றற்கு வேண்டுவன யாவை என வினவின், நல்லாசிரியன், நல்ல நூல், இடையறாப் பயிற்சி, கூர்ந்த மதி என்னும் நான்கினையே பெரும்பாலார் எடுத்துரைப்பர். இவை வேண்டுவனவே; ஐயமில்லை. ஆயின், இவை ஓரளவு வாய்த்தவிடத்தும் மொழி நாவில் ஏறாது நிற்றலை ஆசிரியத் தொழிலில் உள்ளார் அன்றாடம் காண்கின்றனர். ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளிலிருந்து உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகும் நம் மாணவர் பலர், அங்கே ஆங்கில வகுப்பில் வாய் திறவாது இருந்துவிடுகின்றனர். தாளில் எழுதத் தெரிந்த வாக்கியத்தையும் வாயாற் சொல்லத் துணியார். பொருளியலையோ வரலாற்றையோ தமிழில் மணிக்கணக்காக விளக்கவல்ல இளைஞன், ஆங்கிலத்தில் ஊர் எது என்று கேட்டார்க்கு விடைகூற நாத்தடுமாறுகின்றான். இது மதியின் குறையன்று. மனத்தில் நேர்ந்த தடை. அத்தடை எங்கிருந்து வந்தது, அதனை அகற்றுமாறு எங்ஙனம் என்று சிறிது ஆராய்வோம்.

தமிழ் கற்பிப்பவனாகிய ஒருவன் ஆங்கிலக் கல்வியைப் பற்றி எழுதப் புகுவதேன் என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலத்தின் இலக்கணத்தை எடுத்துரைத்தல் என் தொழிலன்று. ஆனால் ஆங்கிலத்தின் முன் நாணி நிற்கும் உள்ளம் தமிழ் உள்ளம். அதனை அறிந்து கூறுதல் தமிழாசிரியனுக்கும் உரிய கடமையே.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

மேனாட்டு மொழிக்கல்வி அறிஞர் இத்துறையை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். கனடா நாட்டில் ஆங்கிலம் பேசும் மாணவர் பிரெஞ்சு மொழி கற்பதை ஆராய்ந்த கார்ட்னர், லம்பேர்ட் என்னும் இருவரும் 1972ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு மொழியின்பாலும் அதனைப் பேசுவோர்பாலும் கற்போன் கொண்ட மனப்பாங்கு, அவன் அடையும் தேர்ச்சியோடு தொடர்புடையது என்பது அவர் கருத்து. 1982ஆம் ஆண்டில் ஸ்டீபன் கிராஷன் என்னும் அமெரிக்க அறிஞர், கற்போன் உள்ளத்தில் ஒரு சல்லடை உளது எனக் கொண்டு விளக்கினார். அச்சம் மிக்கு, தன்னம்பிக்கை குன்றும்போது சல்லடையின் கண்கள் அடைபடும். ஆசிரியர் சொல்வது செவியிற் புகுந்தும் உள்ளத்திற் சேராது. 1986ஆம் ஆண்டில் எலெயின் ஹோர்விட்ஸ் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்தோரும், பிறமொழி வகுப்பில் மாணவர் கொள்ளும் அச்சத்தை அளக்க 33 கூற்றுக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். பேசுதற்கு அஞ்சுதல், பரீட்சைக்கு அஞ்சுதல், பிறர் தம்மைத் தாழ்வாக மதிப்பர் என அஞ்சுதல் என அவ்வச்சத்தை அவர் மூன்றாகப் பகுத்தனர்.

உள்ளத்து நிகழும் உணர்ச்சி மெய்யில் வெளிப்படுமாற்றைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துத் தந்திருக்கின்றார். செய்யுட்கென வகுத்தனவேனும் அவை வகுப்பறைக்கும் பொருந்துவன. அவர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சம், இளிவரல், நகை, பெருமிதம் என்னும் நான்கும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்றியமையாதன. அச்சம் பிறத்தற்குரிய காரணங்களுள் ஒன்றாக, ஒருவனை ஆளும் தலைவனாகிய 'தம் இறை'யை அவர் கூறினார். நகைக்குரிய காரணங்களுள் எள்ளலை முதற்கண் வைத்தார். பெருமிதத்துக்குரியவற்றுள் கல்வியை முதற்கண் வைத்தார். இம்மூன்றனையும் மனத்திற் கொண்டு நம் மலைநாட்டின் வரலாற்றை நோக்குவோமாயின், மாணவன் நாவடங்கி நிற்பதன் காரணம் நன்கு விளங்கும்.

தம் இறையின் மொழி

1820களிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். அவருக்கு ஆங்கிலம் நூல் வாயிலாக அறிமுகமாகவில்லை. ஆள்வோன் வாயிலாக அறிமுகமாயிற்று. பங்களா துரையின் மொழியாகவும், கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயாவின் பேரேட்டு மொழியாகவும் அது மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே செல்லும் வழி அதற்கில்லை.

துரைமார் தமிழ் கற்கவில்லையா எனின், கற்றனர். அவர் கற்ற முறைமையே ஈண்டுக் கருதத்தக்கது. பெர்குசன் என்பார் சின்னத்துரைமாருக்கென எழுதிய தமிழ்க் கைந்நூல் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் வெளிவந்தது. அந்நூலின் பெயர் 'இங்கே வா' என்பதாகும்! 1915ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பார் 'கூலித் தமிழ்' என்னும் பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். ஏவல், வியங்கோள் என வினைமுற்றுக்கள் இரண்டனை நம் இலக்கண நூலார் பிரித்தோதுவர். முன்னையது கட்டளை, பின்னையது மரியாதையோடு வேண்டுதலும் வாழ்த்துதலும் செய்வது. தோட்டத்தில் இரு மொழியாரும் சந்தித்தவிடத்து ஏவல் வினையே ஆட்சி செய்தது. வினாவும் விடையுமாக இருவர் ஒப்ப நின்று பேசும் உரையாடல் அங்கே நிகழவில்லை. உரையாடலன்றி மொழி வளர்தல் யாண்டும் இல்லை.

தோட்டத்தார் நாவில் ஆங்கிலச் சொல் புகவில்லை என்றும் கூறவியலாது. எழுத்தறியாத மூதாட்டியும் விடியற்காலையில் 'பெரட்டு'க்குப் போகின்றாள்; 'செக்ரோ'லில் பேர் விழுந்ததா என்று கேட்கின்றாள்; 'லய'த்தில் வாழ்கின்றாள்; 'ஸ்டோ'ருக்குக் கொழுந்து அனுப்புகின்றாள். திசைச்சொற்களைத் தன்வயப்படுத்தும் தமிழின் இயல்பு இங்கும் தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆனால் இச்சொற்கள் யாவும் வேலையையும், வேலைக்கணக்கையும், வேலை செய்வோர் தங்கும் கொட்டிலையும் குறிப்பன. மகிழ்ச்சியையோ நட்பையோ குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றேனும் லயத்துக்குள் வந்து சேரவில்லை.

தோட்டத்துக்கு வெளியிலும் நிலைமை வேறன்று. 1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் வரும்வரை அரசாங்க அலுவல்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. மலைநாட்டு மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் ஆங்கிலம் ஆட்சிமொழியாயிருந்த காலத்தே எழுந்ததுதான். தமக்கு விளங்காத மொழியில், தம்மைக் கேளாமலே, தம் தலைவிதி எழுதப்படுதலை அம்மக்கள் கண்டனர். இவற்றைக் கண்ட பாட்டனின் பேரன் இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றான். பாட்டனின் அனுபவம் அவனுக்கு நேரே தெரியாதிருக்கலாம். அவ்வனுபவம் விட்டுச்சென்ற அச்சம் தெரியும்.

பள்ளி தந்ததும் தராததும்

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. அது தாய்மொழிக் கல்வி. எழுத்தும் எண்ணும் சிறிது அறிந்தால் போதும் என்னும் அளவில் அது நின்றுவிட்டது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாட்டிற் பிறந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டங்களை எட்ட நெடுங்காலமாயிற்று. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு முழுவதும் வந்தது 1970களின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமேயாம். மத்திய கல்லூரிகளில் ஆங்கிலம் தளிர்த்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் அறையில் ஐந்து வகுப்புக்களும் ஓராசிரியரும் வாய்ப்பதே அரிதாயிருந்தது.

இன்று நிலைமை பெரிதும் திருந்தியுள்ளது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயின்று வெளிவந்த ஆசிரியர் பலர் மலைநாட்டுப் பாடசாலைகளிற் பணிபுரிகின்றனர். பல்கலைக்கழகம் செல்வோர் தொகையும் முன்னையினும் மிக்கது. ஆயினும் ஆங்கிலத்துக்குத் தகுந்த ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இன்னும் உள. பாடநூலை மனனஞ் செய்து பரீட்சை எழுதிய மாணவன், ஆங்கிலத்தை ஒருவர் மற்றொருவரோடு பேசும் மொழியாகச் செவியாற் கேட்பது பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே. அங்கேயும் அவன் தனியே கேட்பதில்லை. கொழும்பிலும் கண்டியிலும் சிறுவயது முதல் அம்மொழியைப் பேசி வளர்ந்தவர் நடுவே இருந்து கேட்கின்றான்.

எள்ளலும் இளிவரலும்

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பல்கலைக்கழகத்தின் முதலாண்டு விடுமுறையில் என்னைக் காண வந்தாள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். அவள் புகுந்த பல்கலைக்கழகம் எது என்பது ஈண்டு வேண்டா. ஆங்கில வகுப்பு எவ்வாறிருக்கின்றது எனக் கேட்டேன். சற்றே தாழ்த்திருந்து, "எனக்கு முன்னால் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன், ஐயா" என்றாள். முன்னிருப்போர் ஒவ்வொருவராக எழுந்து பேசி அமர, தன் முறை அணுக அணுக, ஆசிரியர் கூறும் ஒரு சொல்லும் அவள் செவியில் விழுவதில்லையாம். கிராஷன் கூறிய சல்லடையின் கண்கள் அடைபடும் நிலை இதுவன்றி வேறென்ன?

அவள் மேலும் கூறியது என் நெஞ்சில் நின்றது. முதல்நாட் பயிற்சி, தன்னைத்தான் அறிமுகஞ் செய்தல். பெயர் யாது, இருப்பிடம் யாது, தந்தை தாயர் தொழில் யாது என்பன வினாக்கள். பாடங்களுள் எளியது இது என்றே எல்லா ஆசிரியரும் கருதுவர். சொற்கள் எளியனவே. ஆனால் தோட்டத்தின் பெயரையும் தாயின் தொழிலையும் நூறு பேர் முன்னிலையிற் சொல்லவேண்டிய நிலை அவளுக்கு எளிதாயிருக்கவில்லை. அவள் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுந்தது. நகைத்தவர் தன் உச்சரிப்பை நகைத்தனரா, தன் தோட்டத்தை நகைத்தனரா என்பது இன்றளவும் தெரியாது என்றாள். அன்றுதொட்டு அவ்வகுப்பில் அவள் தானாகப் பேசியதில்லை.

ஈண்டு இரு நாணங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடத்தலைக் காண்க. ஒன்று, மொழி தெரியாமையால் வரும் நாணம், இது எந்நாட்டு மாணவர்க்கும் உண்டு, பயிற்சியால் நீங்கும். மற்றொன்று, பிறப்பிடத்தைப் பற்றிப் பிறர் ஊட்டிய நாணம். 'தோட்டக்காட்டார்' என்னும் வசைமொழி ஆங்கிலச் சொல்லன்று, தமிழ்ச் சொல்லே. அதனை வழங்கியோருள் தமிழரும் உளர் என்பதை மறைத்துப் பயனில்லை. இவ்விரண்டாம் நாணத்தை நீக்காது முதல் நாணத்தை மட்டும் நீக்கப் புகும் ஆசிரியர், வேரை விட்டு இலையைக் கிள்ளுபவராவர்.

இவ்வச்சம் மலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூறவேண்டும். தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயரிட்டனர். வாள் என்பது அதன் பொருள். தம்மை வெட்டி வீழ்த்தும் கருவியாக அவர் அம்மொழியைக் கண்டனர். அப்பெயரையே தலைப்பிற் கொண்டு, ஆங்கிலத்துக்கும் அதிகாரத்துக்குமுள்ள தொடர்பைப் பேராசிரியர் திரு கந்தையா 1984ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, முதலாண்டு மாணவர் 22 பேரைக் கூர்ந்து நோக்கி 1993இல் ஒரு கட்டுரையும், பின்னர் 1999இல் ஒரு நூலும் வெளியிட்டார். அம்மாணவர்க்கு வாய்த்தது அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் பாடநூல். அவர் வாய்விட்டு அதனை மறுத்தாரல்லர். ஆனால் நூலின் ஓரங்களில் அவர் வரைந்த படங்களும் எழுதிய குறிப்புக்களும், தமக்கு உறவில்லாத அவ்வுலகத்தின்பால் அவர் கொண்ட மனநிலையைக் காட்டிக்கொடுத்தன. வகுப்பில் மௌனமாயிருப்போன் உள்ளத்தில் ஒன்றுமில்லை எனக் கருதுதல் தவறு என்பது அவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பாடம்.

கடைத்தெரு தரும் சான்று

மலைநாட்டு இளைஞர்க்குப் பிறமொழி கற்கும் ஆற்றல் இல்லை என்பாரும் உளர். அவர் ஒருமுறை ஹட்டன் கடைத்தெருவுக்கு வருவாராக. அங்கே காய்கறி விற்பவனும், பஸ் நடத்துநனும், ஓட்டோ ஓட்டுநனும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மூச்சு விடுவதுபோல் மாறி மாறிப் பேசுதலைக் கேட்கலாம். இவருட் பலர் சிங்களத்தைப் பள்ளியிற் கற்றவரல்லர். விளையாட்டிடத்தும் வியாபாரத்திடத்தும் கற்றவர். பிழைபடப் பேசினர், கேட்டவர் பொருளை நோக்கினரேயன்றிப் பிழையை நோக்கவில்லை, பேசிப் பேசியே பிழை நீங்கிற்று. அரசாங்க அலுவலகத்திலிருந்து சிங்களக் கடிதம் வரின் இவரும் அஞ்சுவர். ஆனால் பேச்சுச் சிங்களத்துக்கு அஞ்சார். அதே இளைஞன் ஆங்கிலத்தின் முன் ஊமையாகின்றான் எனின், குறை அவன் நாவிலன்று. அவனுக்கும் அம்மொழிக்குமிடையே அமைந்த உறவிலே உளது.

பெருமிதம் பிறக்குமாறு

அச்சத்தை அகற்றுதல் மட்டும் போதாது. அதனிடத்திற் பெருமிதம் புகவேண்டும். அதற்கு எடுத்துக்காட்டுக்களைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. தஞ்சையிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளர்க்காக வாழ்நாளைச் செலவிட்ட கோ. நடேசையர், தமிழிற் 'தேசநேசன்' நடத்தியதோடு அமையாது ஆங்கிலத்திற் 'சிட்டிசன்' என்னும் பத்திரிகையும் நடத்தினார். தொழிலாளர்க்குத் தமிழிலும் ஆள்வோர்க்கு அவர் மொழியிலும் கூறவேண்டியதைக் கூறினார்.

அவரினும் நம் மாணவர்க்கு நெருங்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். ஓராண்டு கழிவதற்குள் தம் மக்கள் பிரசாவுரிமை இழப்பதைக் கண்டார். தேயிலைத் தோட்டத்து மக்களின் துயரை அவர் நெடுங்கவிதையாக முதலில் எழுதியது ஆங்கிலத்தில். சக்தி பாலையா அதனைத் தமிழாக்கினார். 'இங்கே வா' என்று ஏவிய மொழியிலேயே, தோட்டத்தில் பிறந்த ஒருவர் தம் மக்களின் கதையைத் தலைநிமிர்ந்து சொன்னார். அவர் ஆங்கிலம் கற்றதனால் தமிழை மறந்தாருமல்லர். தோட்ட மக்களின் நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமையும் அவருக்கே உரியது.

ஆங்கிலம் கற்பின் தமிழ் தேயும் என அஞ்சுவார்க்கும் இது விடையாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857ஆம் ஆண்டில் முதற்பட்டம் பெற்ற இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுச்சுவடியிற் கிடந்த கலித்தொகையை அச்சேற்றித் தந்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்த அடிகள், சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி'யையும், பழந்தமிழிசையை ஆராய்ந்து 'யாழ்நூ'லையும் தந்தார். இவர் யாரும் ஆங்கிலத்தின் முன் கைகட்டி நின்றவரல்லர். தம்மிடத்தே ஒரு பொருள் உளது, அதனைச் சொல்லவேண்டும் என்னும் உறுதியோடு அம்மொழியை அணுகினர்.

ஆசிரியர் செய்யத்தக்கன

ஆதலின் ஆங்கிலம் கற்பிப்போர்க்குச் சில சொல்ல விழைகின்றேன். மாணவன் அறியாததை முதலில் வினவாது, அவன் மட்டுமே அறிந்ததை வினவுக. கவ்வாத்து வெட்டுவதெப்படி, கொழுந்து எடுப்பதில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் கணக்கு எதற்கு, ஸ்டோரில் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து, தரம் பிரிந்து தேயிலையாவது எவ்வாறு என்று கேளுங்கள். கொழும்பில் வளர்ந்த மாணவன் இதனை அறியான். விரிவுரையாளரும் முழுதும் அறியார். அங்கே தோட்டத்து மாணவனே ஆசிரியனாகின்றான். மொழி குறைவாயினும் பொருள் அவனுடையது. பொருளுடையவன் சொல்லைத் தேடிக்கொள்வான்.

நூறு பேர் முன்னிலையிற் பேசச் சொல்லுமுன் மூவர் நால்வர் கொண்ட சிறு குழுவிற் பேசவிடுக. பேசும்போது இடைமறித்துப் பிழை திருத்தாது, பேசி முடித்தபின் தனியே தாளில் எழுதித் தருக. எள்ளி நகைத்தலை வகுப்பின் முதல்நாளிலேயே தடுக்க. ஒரு சிரிப்பு ஓராண்டுப் பாடத்தை அழித்துவிடும். கற்போன் உள்ளம் கொள்ளுமாறு அறிந்து கற்பித்தலை நல்லாசிரியன் இயல்பாக நன்னூலார் வைத்ததும் இதுபற்றியேயாம்.

உணர்ச்சியைப் பேணினால் யாவும் கைகூடும் என்று கூறினேனல்லேன். அச்சம் நீங்கிய மாணவனுக்கு இலக்கணமும் சொல்வளமும் இடையறாப் பயிற்சியும் வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்குத் தகுதிவாய்ந்த ஆங்கில ஆசிரியரை அனுப்பவேண்டிய கடமையிலிருந்து, மாணவனின் நாணத்தைக் காரணங்காட்டி யாரும் தப்பிக்கொள்ளலாகாது. ஆசிரியர் இல்லாக் குறையை அன்பு நிரப்பாது. அன்பில்லா வகுப்பறையில் ஆசிரியர் இருந்தும் பயனில்லை.

மாணவர்க்கு ஒரு சொல். வள்ளுவர் அவையறிதல் என ஓரதிகாரம் வகுத்தபின் அவையஞ்சாமை என மற்றொன்றும் வகுத்தார். கற்றோரும் அவை முன் அஞ்சுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வச்சத்தை வெல்லல் கூடும் என்பதையும் அறிந்திருந்தார். ஆகவே அஞ்சுதல் உங்கள் தோட்டத்தின் குறையன்று, மனித இயல்பு. பிழைபட்ட ஒரு வாக்கியத்தைத் துணிந்து சொல்லுங்கள்; நாளை அடுத்ததைச் சொல்லுங்கள். தோட்டம் யாது என்று கேட்டார்க்கு அதன் பெயரைத் தலைநிமிர்ந்து கூறுங்கள். இந்நாட்டின் பெயரை உலகத்துக் கடைகளில் விளங்க வைத்தது அத்தோட்டத்துக் கொழுந்து. அதனைப் பறித்த கை உங்கள் தாயின் கை. அதனை ஆங்கிலத்திற் சொல்ல நாணவேண்டிய காரணம் ஒன்றுமில்லை.